நொய்யரிசியும் பெரியாற்று நீரும்

ரமளானில் அஸர் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசல்களில் வழங்கப்படும் நோன்புக் கஞ்சி மிக எளிய உணவு. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால்; வசதியுள்ளவர் பொறுப்பேற்கும் நாளில் சிறிது கொத்துக்கறி. நாவில் நிற்கும் அச்சுவைக்குப் பின்னால் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறும் இருக்கிறது.

அரபிக் கடல் நோக்கி மேற்கே ஓடிய பெரியாற்றின் நீர், 1895 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீரை நம்பியே இங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நீர் ஏறாத மேட்டு நிலங்களுக்குச் சோளமும் கம்பும் கேழ்வரகும்தான். நம் முன்னோர் ‘நெல்லுச்சோறு’ என்று தனித்துச் சொன்னதன் காரணம் இதுவே. அன்றாடம் உண்டது கூழும் களியும். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு மாதம் முழுதும் அரிசிக் கஞ்சி கிடைப்பது எத்தகைய பேறாக இருந்திருக்கும்!

எங்கள் தலைமுறை பசியை அவ்வளவாக அறியாதது. ஆனால் 1986இல் ரமளான் மே மாத வெயிலில் வந்தது. தூக்குவாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, பெரிய தேக்சாவில் மரத்துடுப்பு சுழல்வதைப் பார்த்து நிற்போம். வெந்த வெந்தயத்தின் மணம் தெருமுனை வரை வரும். ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் இறங்குவோரும், நோன்பில்லாத அண்டை வீட்டாரும் அதே வரிசையில் நிற்பர். எவரையும் எவரும் கேட்டதில்லை. குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதை மதரஸாவில் பின்னர் ஓதியபோது, அதன் விளக்கத்தை முன்பே கண்டிருந்தோம்.

2001 முதல் தமிழக அரசு இக்கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. 2020இல் ஊரடங்கினால் பள்ளிகளில் காய்ச்ச இயலாமற்போகவே, 2,895 பள்ளிவாசல்களுக்கான 5,450 டன் அரிசியை வீடுகளுக்கே பகிர்ந்தளிக்க ஏற்பாடாயிற்று. அவ்வாண்டு வீட்டுக் குக்கரில் வெந்த கஞ்சியில் பொருள்களில் குறைவில்லை. ஆயினும் அது நோன்புக் கஞ்சியாக இல்லை என்பதே என் கருத்து. விறகடுப்பில் மணிக்கணக்கில் வேகும் பெருங்கலத்தின் குழைவு வேறு. அந்த வரிசையும் இல்லை.

இன்று அரிசிக்குப் பஞ்சமில்லை, காய்ச்சுவோருக்குத்தான் பஞ்சம். முதியவர்கள் கைக்கணக்கில் வெந்தயம் போடுகின்றனர். அவர்தம் பிள்ளைகள் அடுப்பங்கரைக்கு வருவதில்லை. சில ஊர்களில் சமையல் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகின்றனர். ஆகவே இவ்வாண்டு என் மாணவர் இருவரை லுஹருக்குப் பின் கஞ்சி அடுப்பின் அருகில் அமர்த்தியுள்ளேன். ஒரு படி நொய்க்கு வெந்தயம் எத்தனை பிடி, தேங்காய்ப்பால் எப்போது சேர்க்க வேண்டும் என ஏட்டில் குறித்து வருகின்றனர்.