ரத்தத்தோட நிறத்தைப் பார்த்து எஞ்சினுக்குக் கணக்கு போட்ட டாக்டர் - ஒரு த்ரெட்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல்ல எந்த டிரைவரைக் கேட்டாலும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு உடனே சொல்லிடுவார். ஆனா அதுல சுமை, ரோடு, ஓட்டுற கை எல்லாம் கலந்திருக்கும். எஞ்சினோட வெப்பத்திறன் வேற கேள்வி. ஊத்துன டீசல் தர்ற வெப்பத்துல எத்தனை பங்கு வேலையா வெளியே வந்துச்சு?

வேலையை அளக்க 1821லேயே புரோனிங்கற பிரெஞ்சுக்காரர் வழி சொல்லிட்டார். சுத்துற தண்டை மரக்கட்டையால இறுக்கிப் பிடிச்சு, அது இழுக்கிற இழுப்பை நீளக் கை ஒண்ணோட முனையில எடை வச்சு நிறுத்தணும். வெப்பத்தையும் கலோரியில அளக்கத் தெரியும். ஆனா ரெண்டுக்கும் நடுவுல மாத்து விலை தெரியாது. ஃபிராங்கையும் ரூபாயையும் கையில வச்சுக்கிட்டு முழிக்கிற மாதிரி!

பாரிஸ்ல சாடி கார்னோ அந்த விலையைக் கிட்டத்தட்ட நெருங்கியிருந்தார். 1832ல காலரா வந்து செத்துப்போனார். வயசு 36. இன்னிக்குன்னா டிரிப்ஸும் ஓ.ஆர்.எஸ்.ஸும் கொடுத்துக் காப்பாத்தியிருப்போம். அவர் குறிப்புகள் அச்சுக்கு வந்தது 1878ல.

இப்போ நம்ம ஆள் வர்றார். ராபர்ட் மேயர், ஜெர்மன் டாக்டர். 1840ல டச்சுக் கப்பல்ல ஜாவா போனார். அங்கே மாலுமிகளுக்கு ரத்தம் இறக்கும்போது சிரை ரத்தம் தமனி ரத்தம் மாதிரி பளிச்சுனு சிவப்பா வந்துச்சு. வெப்ப நாட்டுல உடம்பைச் சூடா வச்சுக்கக் கம்மியா எரிச்சா போதும், அதான் ஆக்சிஜன் மிச்சமாகுதுன்னு யோசிச்சார். (வெயில்ல தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுறதுதான் முக்கியக் காரணம்னு இன்னிக்கு நாங்க சொல்வோம்.) அங்கிருந்து ஒரு தாவல்: சாப்பாடு எரிஞ்சு வெப்பமும் ஆகுது, உழைப்பும் ஆகுது. அப்போ ரெண்டும் ஒரே சரக்குதானே?

1842ல விலையையும் போட்டார். தண்ணியை ஒரு டிகிரி சூடாக்குறது, அதே எடையை சுமார் 365 மீட்டர் தூக்குறதுக்குச் சமம். சரியான எண் 427. பரவாயில்லையே?

இயற்பியல்காரங்க யாரும் பெருசா கண்டுக்கல. இங்கிலாந்துல ஜூல் துடுப்பால தண்ணியைக் கலக்கி இதையே துல்லியமா அளந்தார், பேரும் அவருக்கே போச்சு. 1848ல மேயரோட ரெண்டு பிள்ளைங்க இறந்துட்டாங்க. 1850ல மாடி ஜன்னல்ல இருந்து குதிச்சார், உயிர் பிழைச்சார். அப்புறம் மனநல விடுதி. அங்கே அவரைக் கட்டிப்போட்டதைப் படிச்சா, டாக்டரா எனக்குக் கூசுது. 1871ல லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்துச்சு.

அந்த மாத்து விலை கைக்கு வந்த பிறகுதான் எஞ்சினுக்கு சதவீதம் போட முடிஞ்சுது. 1897 பிப்ரவரியில, ஆக்ஸ்பர்க்ல, பேராசிரியர் ஷ்ரோட்டர் ருடால்ஃப் டீசலோட எஞ்சினைச் சோதிச்சார். குடிச்ச எண்ணெயோட வெப்பம் ஒரு பக்கம், பிரேக்ல கிடைச்ச வேலை மறுபக்கம். வகுத்தா 26.2 சதவீதம். அன்னிக்கு நல்ல நீராவி எஞ்சினே அதுல பாதியைத் தாண்டுறது கஷ்டம்.

இன்னிக்கு லாரி எஞ்சின் நல்ல ஓட்டத்துல 40 சதவீதத்தைத் தாண்டும். மிச்சத்துல பெரும்பகுதி புகையிலயும் ரேடியேட்டர்லயும் போயிடும். சைக்கிள் மிதிக்கிற உங்க கால் தசைக்கு? 20லிருந்து 25 சதவீதம்தான்.