சபை
வடமொழி ‘சபா’விலிருந்து வந்த சொல், கூட்டம், அவை என்று பொருள். தமிழ் விவிலியத்தில் கிரேக்க ‘எக்ளேசியா’வுக்கு நிகராக நிற்கிறது. ஏதென்ஸ் குடிமக்கள் கூடி வாக்களித்த மன்றத்துக்கும் அதே பெயர்தான். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்திலோ, எபேசுவில் கூச்சலிட்ட கும்பலுக்கும் அதுவே!

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் மன்றத் தலைமை சீட்டுக் குலுக்கலில் நாளுக்கொருவருக்குப் போகும். கொலோசெயர் 1:18 காட்டும் சபைக்கு என்றும் ஒரே தலை, கிறிஸ்து; ஆயரும் போதகரும் உடலின் உறுப்புகளே. பிலேமோன் வீட்டில் கூடியதுபோல் முதல் சபைகள் பலவும் வீடுகளில்தான் கூடின. நம்பாத உறவினர் அடுத்த அறையிலேயே இருந்திருக்கலாம். நம்பாத கணவரைப் பேச்சால் அல்ல, நடத்தையால் ஈர்க்கும்படி 1 பேதுரு 3 மனைவியருக்குச் சொல்வதை இந்தச் சூழலில் வைத்தே படிக்க வேண்டும்.