கடதாசியால் நாடற்றவராக்குதல்: ருமேனியா 1938, இலங்கை 1948

நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். என் பாட்டனாரும் அதே லயத்தில்தான் பிறந்தார். அவருடைய தகப்பனார் எங்கே பிறந்தார் என்பதற்கு மட்டும் கடதாசி இருக்கவில்லை. அதனால் பாட்டனார் நாடற்றவரானார்.

இரு உலகப் போர்களுக்கிடையில் ஐரோப்பாவில் எழுந்த தீவிர வலதுசாரி இயக்கங்கள் என்றதும் முசோலினியும் ஹிட்லரும் நினைவுக்கு வருவார்கள். எங்கள் கதைக்கு நெருக்கமானது ருமேனியா. அங்கே 1927இல் கொட்ரியானு தொடங்கிய இயக்கம் 'இரும்புக் காவலர்' எனப் பெயர்பெற்றது. 1937 டிசம்பர் தேர்தலில் அது மூன்றாமிடத்தைப் பிடித்தது. ஆனால் யூதர்களின் குடியுரிமையில் கைவைத்தது அந்த இயக்கமல்ல. தேர்தலுக்குப் பின் பதவியேற்ற கோகா அரசாங்கம். 1938 ஜனவரியில் யூதர்கள் தங்கள் குடியுரிமையை ஆவணங்களால் மீண்டும் நிரூபிக்க வேண்டுமென அது ஆணையிட்டது. அந்த அரசாங்கம் சில வாரங்களிலேயே கவிழ்ந்தது. ஆணை நின்றது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் குடியுரிமை இழந்தார்கள். 1941 ஜூனில் யாசி நகரில் யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

அதே முப்பதுகளில் இலங்கையில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். பண்டாரநாயக்க சிங்கள மகா சபையை வளர்த்தார். 1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர்கள் நீக்கப்பட்டார்கள். இவற்றைப் பாசிசம் என்று நான் சொல்லவில்லை. இங்கே பாராளுமன்றம் இருந்தது, தேர்தல் இருந்தது. ஆனால் 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தப் பாராளுமன்றத்திலேயே நிறைவேறியது. இங்கு பிறந்தவராயினும், தகப்பன் இங்கு பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிகுதி 1,50,000 பேரின் விடயம் பிறகு பார்ப்பதற்கென ஒதுக்கப்பட்டது.

இரு நாடுகளிலும் நிரூபிக்கும் பாரம் அரசின்மேல் விழவில்லை. வறியவரின் தலைமேல் விழுந்தது. கடதாசி இல்லாதவர் அந்நியராகிவிட்டார்.

1977 வன்செயலுக்குப் பின் எங்கள் உறவினர் சிலர் வன்னிக்குப் போனார்கள். 2009இல் உடுத்த துணியோடு ஓடியபோதும் பத்திரங்கள் இருந்த பையை அவர்கள் கைவிடவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.