கருமணலும் பெட்ரோமாக்ஸும்

இங்கே ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். நடுவில் உள்ள ஏழு வாரமும் மதியத்தில் கொஞ்சம் நீல வெளிச்சம், மற்றபடி இருட்டுதான். போன வாரம் என் பையன் கேட்டான்: "அப்பா, உங்க ஊர்ல இருட்டே கிடையாதா?"

இருந்தது. நான் வளர்ந்தது போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் (2024ல் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள், எனக்குத்தான் வாயில் வரமாட்டேங்குது). அந்தமானுக்கும் டெல்லி கடிகாரமே என்பதால் டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கரண்ட் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலை நம்பித்தான்.

2004 டிசம்பர் 26. விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் பூமி ஆடியது, பிறகு மீன் இறங்குதுறைப் பக்கம் கடல் ஏறி வந்தது. பாம்பூ பிளாட் மின்நிலையத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்று ராத்திரி தெரு முழுக்க இருட்டு. அப்பா பரணில் இருந்து பழைய பெட்ரோமாக்ஸை இறக்கினார். புது மேண்டிலை நூலால் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பம்ப் அடித்தார். எரிந்து சாம்பலான அந்தச் சின்னப் பை, புஸ்ஸென்று வெள்ளையாய் ஒளி விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள்.

அம்மா மட்டும் ஒன்று சொன்னாள்: "மக்கா, இது எரியியது நம்ம ஊரு மண்ணாலதான் கேட்டியா."

அம்மாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். சும்மா ஊர்ப் பெருமை அடிக்கிறாள் என்று நினைத்தேன். பிற்பாடு தேடிப் படித்ததில் தெரிந்தது, அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

1880களில் ஆஸ்திரியாவின் கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக் கேஸ் மேண்டிலைக் கண்டுபிடித்தார். முதலில் வந்த மேண்டில் பச்சை அடித்ததால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1891ல் சரியான கலவை கிடைத்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. துணி எரிந்து போனாலும் இந்தச் சாம்பல் உருகாது, சூட்டை வாங்கி வெளிச்சமாகத் தள்ளும். ஐரோப்பியத் தெருவிளக்குகளெல்லாம் தோரியம் கேட்டன. அது மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. அப்போது மோனசைட் வந்ததோ பிரேசில் கடற்கரையில் இருந்து.

இங்கேதான் நம்ம ஊர் கயிறு கதைக்குள் வருகிறது. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், கொல்லம் - கன்னியாகுமரிக் கரையில் இருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். அதில் மோனசைட்! என் பாட்டியின் அம்மா கதம்பல் அடித்துக் கயிறு திரித்தவர். அவர் கைமண்ணும் அதில் இருந்ததா என்று கேட்டால் என்னிடம் ஆதாரம் கிடையாது, ஆசைதான்.

அடுத்த வருஷமே ஷோம்பர்க் மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார், பிறகு சவராவில் இன்னொன்று. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் உளவாளி என்று அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். தொழில் லண்டன் கம்பெனி கைக்குப் போனது. மின்விளக்கு பரவியதும் மேண்டில் மவுசு குறைந்தது. ஆனால் அணுகுண்டுக்குப் பிறகு அதே மண்ணுக்கு வேறு மதிப்பு. திருவிதாங்கூர் திவான் சி.பி.ராமசாமி ஐயர் 1947ல் தனிநாடு கேட்டபோது அவர் கையில் இருந்த துருப்புச்சீட்டுகளில் மோனசைட்டும் ஒன்று. 1950ல் இந்திய அருமணல் நிறுவனம் தொடங்கியது, 1952ல் ஆலுவா ஆலை.

ஹோமி பாபாவின் மூன்று கட்டத் திட்டத்தில் கடைசிக் கட்டமே இந்தத் தோரியம்தான். ஒரு சிக்கல்: தோரியம் தானாகப் பிளக்காது, ஈர விறகு மாதிரி. உலைக்குள் வைத்து நியூட்ரானை ஊட்டி யுரேனியம்-233 ஆக மாற்றணும். கல்பாக்கத்தில் 1996ல் இயங்கத் தொடங்கிய காமினி உலை அந்த யுரேனியம்-233ல் ஓடியது. அதன் திறன் 30 கிலோவாட். எங்கள் குடியிருப்பில் ஒரு மாடிக்கு வேண்டிய ஹீட்டர் அளவு, அவ்வளவுதான். "தோரியத்தால் இந்தியா வல்லரசு" என்று வரும் ஃபார்வர்டுகளைப் படிக்கும்போது இந்த 30ஐ நினைத்துக்கொள்ளுங்க.

இன்னொரு வேடிக்கை. தோரியம் முதலில் கிடைத்ததே நார்வேயில். 1828ல் தெற்கே லோவோயா தீவில் எஸ்மார்க் என்ற பாதிரியார் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தார். அது சுவீடனில் பெர்சீலியஸிடம் போக, அவர் புதுத் தனிமம் என்று கண்டு இடி தேவன் தோர் பேரை வைத்தார். பையனுக்கு இதைச் சொன்னதும் ஒரே குஷி. அம்மா ஊரும் அவன் ஊரும் ஒரே கல்லில்!

அம்மாவுக்குக் குஷி இல்லை. கிள்ளியூர் வட்டாரத்தில் 1144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கத் திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. அம்மாவுக்கு அந்தக் கரையில் பன்னிரண்டு சென்ட் பங்கு இருக்கிறது. மாமா, வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்கிறார்.

"நீ படிச்சவன்தானே, சொல்லு" என்றாள் போனில்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையில் கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேரைப் பல வருஷம் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில், அந்த மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றேன்.

"நான் அதுக்கா பயப்படுதேன்? தேரிய வாரிட்டா கடலு வீட்டுக்குள்ள வராதா? ஜங்லிகாட்டுல பாத்தோமே."

அதற்கு என்னிடம் ஆய்வு இல்லை. மண்ணைப் பிரித்துவிட்டு மீதியைத் திரும்பக் கொட்டுவார்களாம் என்று இழுத்தேன். "கொட்டுவாவ, கொட்டுவாவ" என்றாள். பேச்சை மாற்ற, அந்தப் பெட்ரோமாக்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். பரணில்தான் இருக்கிறதாம், மேண்டில் பாக்கெட் இரண்டு பிரிக்காமல் அலமாரியில். பையன் பார்க்க ஆசைப்படுகிறான், ஜூனில் வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"பங்கு விஷயத்துக்கு ஜூன் வர மாமா பொறுக்க மாட்டான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவாள்.