நிலையான வரிசையாக்கமும் நிலையற்ற வரிசையாக்கமும்

கணிப்பொறி நிரலாக்கத்தில், ஒரு பட்டியலை ஏதேனும் ஒரு புலத்தின் மதிப்பைக் கொண்டு வரிசைப்படுத்தும்போது, அம்மதிப்பு சமமாக அமைந்த உறுப்புகள் முன்பு எந்த முறையில் நின்றனவோ அதே முறையில் பின்பும் நிற்குமாயின் அது நிலையான வரிசையாக்கம் எனவும், அவற்றின் முன்பின் மாறக்கூடுமாயின் நிலையற்ற வரிசையாக்கம் எனவும் வழங்கப்படும். வெறும் எண்களை அடுக்குகையில் இவ்வேறுபாடு புலப்படாது. ஓர் உறுப்பு பல செய்திகளைத் தாங்கிய பதிவாக இருக்கும்போதே அது பொருள்பெறுகிறது.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் பணியைக் கொண்டு இதனை விளக்கலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியால் நோக்கினர். அக்கோளின் வளையங்களை வெளிப்படுத்திய அத்தகைய நோக்கீடுகளில், ஒளி எப்போது மங்கியது, எப்போது மீண்டது என்னும் முன்பின் முறையே ஆய்வின் உயிர். பல வான்பொருள்களின் அளவீடுகள் கால முறைப்படி சேர்ந்த ஒரு பதிவேட்டைப் பொருளின் பெயரால் நிலையான முறையில் வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு பெயரின் கீழும் கால முறை தானாகவே காக்கப்படும். நிலையற்ற முறையிலோ அக்காப்பு இல்லை.

நிலைத்தன்மை என்னும் இப்பண்பு கணிப்பொறிக்கும் முந்தியது. துளையிட்ட அட்டைகளைப் பிரித்த இயந்திரங்கள் எண்ணின் கடைசி இலக்கத்தில் தொடங்கி ஒவ்வோர் இலக்கமாக இடப்பக்கம் நகர்ந்து அடுக்கின. முந்தைய சுற்றில் அமைந்த முறையை அடுத்த சுற்று கலைக்காதிருந்தால்தான் இறுதி வரிசை சரியாக அமையும். 1954இல் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு சீவர்டு இவ்வழிமுறையைக் கணிப்பொறிக்கு ஏற்ப வகுத்தார். 1945இல் ஜான் வான் நாய்மன் வகுத்த இணைப்பு வரிசையாக்கத்தையும் எளிதில் நிலையானதாக அமைக்கலாம், ஆயினும் அது வழக்கமாகக் கூடுதல் நினைவகம் கேட்கும். நினைவகம் அருமையாயிருந்த காலத்தில் டோனி ஹோர் வகுத்து 1961இல் வெளியிட்ட குவிக்சார்ட், பட்டியலை அதன் இடத்திலேயே வைத்து விரைவாக அடுக்கியதால் பெருவரவேற்புப் பெற்றது. தொலைவிலுள்ள உறுப்புகளை அது இடம் மாற்றுவதால் சம உறுப்புகளின் முறை கலையக்கூடும். சி மொழியின் செந்தர நூலகத்திலுள்ள கியூசார்ட் என்னும் செயற்கூறும் பெயரில் இதன் சாயலையே கொண்டது; சம உறுப்புகளின் முறை வரையறுக்கப்படவில்லை என்றே 1989ஆம் ஆண்டுச் செந்தரம் கூறியது.

செந்தரம் கூறுவதும் நடைமுறையில் நிகழ்வதும் வேறுபட்ட இடங்களில்தான் இவ்வரலாற்றின் கடினமான பாடங்கள் உள்ளன. குரோம் உலாவியின் வி8 இயக்கி, பத்து உறுப்புகள் வரையுள்ள பட்டியலை நிலையான செருகல் முறையிலும் அதனினும் நீண்டதை நிலையற்ற குவிக்சார்ட் முறையிலும் நெடுங்காலம் அடுக்கியது. ஆகவே சிறிய சோதனைத் தரவில் சரியாக இயங்கிய நிரல், உண்மைத் தரவு பெருகியதும் எவ்வறிவிப்புமின்றி முறை மாற இடமிருந்தது. 2018இல் வி8 நிலையான முறைக்கு மாறியது. அவ்வியக்கி இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான 2019ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் செந்தரம் நிலைத்தன்மையைக் கட்டாயமாக்கியது. குனூ சி நூலகத்தில் இதன் மறுதலை நிகழ்ந்தது. அதன் கியூசார்ட் பெரும்பாலும் இணைப்பு வரிசையாக்கத்தால் இயங்கியதால், உறுதியளிக்கப்படாத நிலைத்தன்மையைப் பல நிரல்கள் நம்பியிருந்தன. 2023 இறுதியில் அம்முறை நீக்கப்பட்டபோது அவை பாதிப்புற, 2024 சனவரியில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. எழுதப்படாத வாக்குறுதியும் பயனரைப் பிணிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

பைத்தான் மொழிக்காக டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதிய டிம்சார்ட், தரவில் ஏற்கெனவே வரிசையாயுள்ள பகுதிகளைக் கண்டு இணைத்து, நிலைத்தன்மையையும் விரைவையும் ஒருங்கே தந்தது. 2011இல் ஜாவா 7 பொருள்களை அடுக்க அதனை ஏற்றதோடு, நிலைத்தன்மை பொருட்படாத அடிப்படை எண்களுக்குக் குவிக்சார்ட்டின் இருமைய வடிவத்தைக் கொண்டது. சி++ மொழியும் ரஸ்ட் மொழியும் இரண்டுக்கும் தனித்தனிச் செயற்கூறுகளை அளிக்கின்றன. ரஸ்டில் நிலையற்றதன் பெயரிலேயே அப்பண்பு குறிக்கப்படுவது பாராட்டத்தக்கது.

நிலைத்தன்மை, சமமானோருள் முந்தியவர் யார் என்பதைப் பட்டியலின் பழைய முறைக்கே விட்டுவிடுகிறது. ஆதலின் அம்முறைக்கே நியாயம் இல்லாத இடத்தில் அது போதாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் சமமானால் விண்ணப்பம் வந்த வரிசை கருதப்படுவதில்லை; கணிதம், இயற்பியல் மதிப்பெண்கள் முதலியன முறையே ஒப்பிடப்பட்டு, எல்லாமே சமமாயின் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட சமவாய்ப்பு எண் முடிவுசெய்கிறது. இவ்வாறு ஒவ்வொரு படியும் வெளிப்படையாக எழுதப்பட்டு, சமவாய்ப்பு எண்ணும் ஒருவருக்கொருவர் வேறுபட்டிருப்பின், நிலையான வரிசையாக்கமும் நிலையற்றதும் ஒரே தரவரிசைப் பட்டியலையே தரும்.