பெர்கர் கண்ட அலையும் பின்வந்த கூட்டங்களும்

ஜெர்மனியின் யேனா நகரத்து மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த ஹான்ஸ் பெர்கர், பகலெல்லாம் நோயாளிகளையும் நிர்வாகத்தையும் பிசகின்றிக் கவனித்துவிட்டு, சகாக்கள் அதிகம் அறியாதவண்ணம் மனித மூளையின் மின்சாரத்தைத் தேடும் காரியத்தில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், ராணுவப் பயிற்சியின்போது குதிரையினின்று விழுந்து பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பிய அன்றே, தொலைவிலிருந்த சகோதரி ஏதோ விபரீதத்தை உணர்ந்து தகப்பனாரைக்கொண்டு தந்தியடிக்கச் செய்தாள் என்பது அவர் மனத்தில் ஆழப்பதிந்த சம்பவம். எண்ணத்துக்கு ஒரு பௌதிக சக்தி உண்டு, அதை அளந்துவிடலாம் என்று அவர் ஆயுள் முழுவதும் நம்பினார். நம்பிக்கை ஆதாரமற்றதுதான், ஆனால் அதன் பிடிவாதம் சாஸ்திரத்துக்கு ஒரு புதையலைத் தேடித் தந்தது.

முயல், குரங்கு முதலிய பிராணிகளின் மூளைமீது மெல்லிய மின்னோட்டம் ஓடுவதை லிவர்ப்பூலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே அறிவித்திருந்தார். மனிதனிடம் அதைக் காணும் பாக்கியம் பெர்கருக்கு 1924 ஜூலையில், அறுவைச் சிகிச்சையால் மண்டையோட்டின் ஒரு பகுதி இல்லாதிருந்த 17 வயது இளைஞன் ஒருவனிடம் கிடைத்தது. ஆயினும் கருவியின் கோளாறோ, இருதயத் துடிப்போ, தோலின் அசைவோ என்று சந்தேகித்து, தம் மகன் கிளவுஸையும் இன்னும் பலரையும் சோதித்து, ஐந்தாண்டுகள் கழித்து 1929-லேதான் முதற் கட்டுரையை வெளியிட்டார். அவர் பிரசுரித்த பதிவுப் படங்களுள் ஒன்றை உற்றுப் பார்த்தால், மேலே மகனுடைய மூளையின் அலை. கீழே காலத்தை அளப்பதற்கென்று வரையப்பட்ட, விநாடிக்குப் பத்து முறை ஏறியிறங்கும் செயற்கை அலை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகின்றன. மூளையும் கடிகாரமும் பந்தயம் கட்டியதுபோல. கண்ணை மூடி ஓய்ந்திருக்கையில் ஓங்கி நிற்கும் இதற்கு ஆல்பா என்றும், கண்ணைத் திறந்தவுடன் அது மங்கியபின் எஞ்சும் சிறிய, விரைவான அலைக்குப் பீட்டா என்றும் அவர் பெயரிட்டார்.

உள்நாட்டில் இதைப் பொருட்படுத்தியவர் சிலரே. அதற்கு அங்கீகாரம் தந்தவர் 1932-ல் நோபல் பரிசு பெற்றிருந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அட்ரியன். 1934-ல் மாத்யூஸ் என்ற சகாவுடன் சேர்ந்து, தம் தலையையே சோதனைப் பொருளாக்கி, அலை மெய்யானதென்று நிரூபித்த அவர், அதைப் ‘பெர்கர் தாளம்’ என்றே அழைத்தார். ஆனால் முக்கியமான ஓரிடத்தில் மாறுபட்டார். மூளையின் புறணி முழுவதும் ஒன்றாய் இயங்குவதன் அடையாளமே ஆல்பா என்று பெர்கர் கருத, அது பின்மண்டையில் பார்வைக்குரிய பிரதேசத்திலிருந்தே வருகிறதென்று அட்ரியன் காட்டினார். முழுமையா, இடமா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

வெகுகாலம் இடத்தின் பக்கமே வெற்றி. மூளைக் கட்டியைச் சுற்றி மந்தமான அலை தோன்றுவதை 1936-ல் கிரே வால்டர் கண்டு டெல்டா என்றார். கைகால்களை இயக்கும் பகுதியிலுள்ள பீட்டா அலை, கையை அசைத்தவுடன் அடங்குவதை ஜாஸ்பரும் பென்பீல்டும் 1949-ல் திறந்த மூளையிலேயே கண்டனர். பின்னர் 1989-ல், பூனையின் பார்வைப் புறணியில் வெவ்வேறு இடங்களிலுள்ள நரம்பணுக்கள் விநாடிக்கு 40-ஐ ஒட்டிய காமா வேகத்தில் ஒத்திசைந்து துடிப்பதை பிராங்க்பர்ட்டில் சார்ல்ஸ் கிரேயும் வுல்ப் சிங்கரும் அறிவித்தபோது, விலகி நிற்கும் பகுதிகளைச் சேர்த்துக் கட்டும் கயிறு தாளமே என்ற கருத்து வலுப்பெற்றது.

எதிர்பாராத சாட்சியம் மிகமிக மந்தமான வேகத்திலிருந்து வந்தது. காந்த அதிர்வுப் படக்கருவிக்குள் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தவர்களின் மூளையில், இடக்கையையும் வலக்கையையும் இயக்கும் இரு பகுதிகளின் இரத்த ஓட்டம் ஒன்றாகவே ஏறியிறங்குவதை பரத் பிஸ்வாலும் அவரது சகாக்களும் 1995-ல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் கண்டனர். அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடிக்கும் அதிகமாகும். மூச்சும் இருதயமும் செய்யும் மாயமே இது என்று பலர் தள்ளினர். தள்ளியவர்களைக் குறை கூறுவதற்கில்லை, பெர்கரே தம் கண்டுபிடிப்பை அவ்வாறுதான் சந்தேகித்தார்.

மந்தமான இந்த இரத்த அலைக்கும் விரைவான மின் அலைக்கும் உறவென்ன? மண்டையோட்டால் மின்புலம் கலங்குவதுபோல் கலங்காத, பூமியின் காந்தத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத மூளைக் காந்தத்தை, திரவ ஹீலியத்தில் குளிர்வித்த உணரிகளால் அளக்கும் முறை இதற்குக் கைகொடுத்தது. அதிலும் ஒரு பெருந் தொல்லை உண்டு: ஒரே ஊற்றின் காந்தம் பல உணரிகளில் ஏககாலத்தில் விழுவதால், உறவே இல்லாத இரு இடங்கள் உறவாடுவதுபோல் தோன்றும். எனவே சிறிதும் கால வேற்றுமையின்றி ஒத்துப்போகும் பங்கைக் கழித்துவிட்டு, மீந்த அலைகளின் வலிமை சேர்ந்து கூடிக் குறைகிறதா என்று ஹிப் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டனர். விநாடிக்கு 4 முதல் 6 வரையுள்ள தீட்டாவில், நினைவுக்கு இன்றியமையாத உட்பக்கப் பொட்டுப் பகுதி தலைமை வகித்தது. 8 முதல் 23 வரையில் பக்கவாட்டு உச்சிப் பகுதி. 32 முதல் 45 வரையில் தொடுவுணர்வையும் அசைவையும் ஆளும் பகுதி.

ஆகவே அட்ரியனும் பெர்கரும் வழக்காடிய கேள்வியே திருத்தம் பெறவேண்டியதாயிற்று. ஓர் ஊர்க்காரர் பஜனை கோஷ்டியில் ஒரு கூட்டத்தோடும், பஞ்சாயத்தில் வேறொரு கூட்டத்தோடும் அமர்வதைப்போல, மூளையின் ஒரே பகுதி வேகத்துக்கு வேகம் வேறு வேறு பகுதிகளோடு கூடுகிறது. எந்தக் கருவி எந்த வேகத்துக்குச் செவி சாய்த்ததோ, அந்தக் கூட்டத்தையே அது முழு மூளையென்று எண்ணிக்கொண்டது.

பெர்கர் இதைக் காணவில்லை. 1938-ல் ஓய்வுபெற்று, 1941-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாஜி ஆட்சியில், கட்டாயக் கருத்தடைத் தீர்ப்புகள் வழங்கிய மேல்மன்றத்தில் அவர் உறுப்பினராயிருந்தார் என்பதையும் அவருடைய கீர்த்தியோடு சேர்த்தே எழுதவேண்டும். வாசகருக்கு ஒரு வார்த்தை: ஆல்பா அலையைப் பெருக்கி மனச்சாந்தி தருவதாகக் கருவியொன்றை யாரேனும் விற்க வந்தால், மூளையின் எந்தப் பகுதியில், எந்தக் கூட்டத்தின் ஆல்பா என்று கேளுங்கள், விடை வந்தபின் பணத்தை எடுங்கள்.