சுன்னாகத்துக் கிணறும் செவ்ரோனின் கமராவும்

தண்ணீர் வழக்குகள்: பகுதி 14

சென்ற வாரம் இரணைமடுவோடு நிறுத்தியிருந்தோம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம், குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்கே காணாது என்ற கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பு, கடைசியில் 2024 ஆகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வரை பார்த்தோம். அந்த இழுபறி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே ஆனையிறவுக்கு அப்பால், வலிகாமத்தில், இன்னொரு தண்ணீர் வழக்கு முளைத்தது. வன்னி வாசகர் பலருக்கு அது யாழ்ப்பாணத்துப் பிரச்சினை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணெய் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு எப்படிப் பேச்சு மாறித் திசை மாறிப் போகும் என்பதை நம் மாகாணத்துக்குள்ளேயே காட்டித் தந்த வழக்கு அது.

வலிகாமத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. நம்முடையதைப் போன்ற பெரிய குளங்களும் கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. அதே வெடிப்புகளால் பக்கவாட்டிலும் ஓடுகிறது. ஒரு வளவில் கொட்டியது இன்னொரு வளவுக் கிணற்றில் தலைகாட்டும். அந்த நிலத்தில்தான் மின்சார சபையின் பழைய சுன்னாகம் மின்நிலையம் பல பத்தாண்டுகளாக நின்றது. போர் முடிந்த காலத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி அங்கே எண்ணெயில் இயங்கும் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 2013இல் மின்சார சபையின் உத்துரு ஜனனியும் சேர்ந்துகொண்டது.

அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் வாடையும் படலமும் தெரிந்தபோது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வு செய்தது. 2013 இறுதியிலிருந்து 2014 நடுப்பகுதி வரை பரிசோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவுக்கு மேலே இருந்தன. மக்கள் கிணற்றை மூடிவிட்டு பௌசருக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். விடயம் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக, 2015இன் தொடக்கத்தில் நொதேர்ன் பவரின் உற்பத்தியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

இதுவரை கதை நேர்கோட்டில் போகிறது. பிறகு வட மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. நச்சுப் பார உலோகங்களும் பென்சீன் வகை இரசாயனங்களும் ஆபத்தான அளவில் இல்லை என்ற பொருளில் அந்தக் குழுவின் முடிவு வெளியானது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் நீர் வழங்கல் சபையின் அறிக்கை, மறுபக்கம் மாகாண சபையின் அறிக்கை. எதை நம்புவது?

இரண்டும் ஒரே பரிசோதனை அல்ல என்பதைக் கிணற்றுக்காரனுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. ‘எண்ணெயும் கிறீசும்’ என்பது தண்ணீரில் கலந்துள்ள எண்ணெய்ப் பசையை மொத்தமாக அளப்பது. பென்சீன், டொலுவீன் போன்றவை எண்ணெயில் இருக்கும், எளிதில் ஆவியாகிவிடும் சில கூறுகள். மின்நிலையங்களில் எரிக்கும் கனமான உலை எண்ணெயிலும் பழைய கழிவெண்ணெயிலும் அவை குறைவாகவே இருக்கும். ஆகவே ‘பென்சீன் இல்லை’ என்ற முடிவும் சரியாக இருக்கலாம். ‘எண்ணெய் இருக்கிறது’ என்ற முடிவும் சரியாக இருக்கலாம். முதலாவதை எடுத்து இரண்டாவதற்குப் பதிலாகச் சொல்லும்போதுதான் கோளாறு. 2015 ஏப்ரலில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் முன்றலில் உண்ணாவிரதம் இருந்த இளைஞர்கள் கேட்டது எளிமையான கேள்வி: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, குடிக்கக்கூடாதா? அதற்கு நேரான ஒரு பதில் அரச அலுவலகங்களிலிருந்து வரவில்லை.

நிபுணர் குழுவை யாரும் விலைக்கு வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. உலகின் பெரிய எண்ணெய்க் கம்பனிகள் கோடிக்கணக்கான டொலரும் மக்கள் தொடர்பு நிறுவனங்களும் வைத்து உண்டாக்கும் ஒரு நிலைமை, இங்கே செலவில்லாமல் தானாகவே உண்டாகிவிட்டது. அது என்ன நிலைமை என்று பார்க்க ஈக்குவடோருக்குப் போகவேண்டும்.

நம்மூரில் உழவு இயந்திரத்துக்குக் கால்டெக்ஸ் ஒயில் வாங்குகிறோமே, அந்தப் பெயர் அமெரிக்காவின் செவ்ரோன் கம்பனியுடையது. 2001இல் செவ்ரோன் டெக்சாக்கோவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. டெக்சாக்கோ 1964 முதல் ஈக்குவடோரின் அமெசோன் காட்டில், லாகோ அக்ரியோ பகுதியில் எண்ணெய் தேடி, பிறகு எடுத்தது. எண்ணெயோடு மேலே வரும் உப்பும் நச்சும் கலந்த நீரை ஆறுகளிலும், அடியில் பூச்சில்லாத குழிகளிலும் விட்டது. 1993இல் அங்குள்ள மக்கள் நியூயோர்க்கில் வழக்குப் போட்டார்கள். ஈக்குவடோரில் விசாரிப்பதே பொருத்தம் என்று கம்பனி வாதாடி வென்றது. அப்படியே 2003இல் வழக்கு லாகோ அக்ரியோவுக்குப் போனது. பின்னாளில் அந்த நாட்டு நீதிமன்றங்களையே நம்ப முடியாது என்று சொன்னதும் இதே கம்பனிதான்.

கம்பனியின் முதல் பதில், பிறகு வந்தவன் செய்தான் என்பது. 1990இல் அரச கம்பனியான பெற்றோஈக்குவடோர் பொறுப்பேற்றது. மிச்ச அழுக்கெல்லாம் அதனுடையது. எங்கள் பங்கை 4 கோடி டொலர் செலவில் துப்புரவு செய்து 1998இல் அரசிடம் விடுதலைப் பத்திரமும் வாங்கிவிட்டோம். சுன்னாகத்தில் இதே வாதம் தலைகீழாக ஒலித்தது: முன்னே இருந்தவன் கொட்டினான், போர்க்காலத்தில் சிந்தியது, நாங்கள் நேற்று வந்தவர்கள். முன்னோரோ பின்னோரோ, சுட்டுவதற்கு ஒரு விரல் தேவை, அவ்வளவே.

2009இல் செவ்ரோன் செய்தவை மக்கள் தொடர்புப் பாடப்புத்தகத்தில் ஏறவேண்டியவை. அமெரிக்காவின் புகழ்பெற்ற ‘60 நிமிடங்கள்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த வழக்கைப் பற்றி ஒரு அறிக்கை தயாரிப்பது தெரியவந்ததும், சி.என்.என்னில் செய்தியாளராக இருந்த ஜீன் ரண்டல் என்பவரைக் கூலிக்கு அமர்த்தி, கம்பனி தன் பக்கத்துக்கு ஒரு காணொளி எடுத்தது. பார்த்தால் தொலைக்காட்சிச் செய்தி போலவே இருக்கும். செய்தியாளர் குரல், களக் காட்சி, பேட்டி எல்லாம் உண்டு. கம்பனியின் காசில் எடுத்தது என்பதுதான் பார்ப்பவருக்குப் புரியாது. உண்மையான நிகழ்ச்சி மே மாதம் ஒளிபரப்பாவதற்கு முன்பே அது யூடியூபில் இருந்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் வேறொரு குண்டு. கம்பனிக்கு முன்பு ஒப்பந்த வேலை செய்த ஒருவர் ஒளித்து வைத்த கமராவில் எடுத்த காணொளிகளைச் செவ்ரோன் வெளியிட்டது. வழக்கை விசாரித்த நீதிபதி லஞ்சத் திட்டத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி மறுத்தாலும் வழக்கிலிருந்து விலகினார். அந்த ஒப்பந்தக்காரரையும் குடும்பத்தையும் அமெரிக்காவில் குடியேற்றும் செலவைக் கம்பனி ஏற்றது. காணொளியில் கூட இருந்த அமெரிக்க ‘வியாபாரி’ போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் ‘பிறகு’ வரும் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

மக்களுக்காக வழக்கை நடத்தியவர்களில் முதன்மையானவர் ஸ்டீவன் டொன்சிகர் என்ற நியூயோர்க் வழக்கறிஞர். அவரைப் பேயாகக் காட்டுவதே நீண்டகால உத்தி என்று கம்பனிப் பக்கத்தில் 2009இல் எழுதிய ஒரு மின்னஞ்சல் பின்னர் அம்பலமாயிற்று. வழக்கின் மையம் இடம் மாறத் தொடங்கியது அங்கேதான். அதுவரை கேள்வி, ஆற்றில் எண்ணெய் கொட்டியது யார்? அதன் பிறகு கேள்வி, டொன்சிகர் நல்லவரா கெட்டவரா?

டொன்சிகரும் அதற்கு நிறைய இடம் கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் விளம்பரமாகிவிடும். அவருக்கும் கமரா பிடிக்கும். பிரபலங்களைக் காட்டுக்கு அழைத்துப்போனார். ஜோ பெர்லிங்கர் எடுத்து 2009இல் வந்த ‘குரூட்’ ஆவணப்படத்தில் கதாநாயகன் போல வலம் வந்தார். படத்தில் சேர்க்காமல் வெட்டி வைத்த காட்சிகளைச் செவ்ரோன் நீதிமன்ற உத்தரவோடு வாங்கியது. அவர் வாயால் சொன்னவையே அவருக்கு எதிராகச் சாட்சியாகின. 2011 பெப்ரவரியில் லாகோ அக்ரியோ நீதிமன்றம் செவ்ரோன் பல நூறு கோடி டொலர் கட்டவேண்டும் என்றது. ஈக்குவடோரின் மேல் முறையீட்டில் 2013இல் அது 950 கோடி டொலராக நின்றது. 2014 மார்ச்சில் நியூயோர்க் நீதிபதி லூயிஸ் கப்லன், அந்தத் தீர்ப்பு லஞ்சத்தாலும் மோசடியாலும் பெறப்பட்டது என்று தீர்மானித்தார். அதற்கு முக்கிய சாட்சியான முன்னாள் நீதிபதிக்குச் செவ்ரோன் மாதாமாதம் பணம் கொடுத்து அமெரிக்காவில் வைத்திருந்தது. தன் சாட்சியத்தின் சில பகுதிகள் பொய் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். டொன்சிகர் தொழில் உரிமத்தை இழந்து, வீட்டுக் காவலில் இருந்து, 2021இல் நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதத் தண்டனையும் பெற்றார். 950 கோடியில் ஒரு சதமும் லாகோ அக்ரியோ மக்களுக்குப் போய்ச்சேரவில்லை.

சிரிக்கவும் ஒரு சம்பவம் உண்டு. 2010 ஒக்டோபரில் செவ்ரோன் ‘நாங்கள் உடன்படுகிறோம்’ என்ற விளம்பரத் தொடரைத் தொடங்கியது. எண்ணெய்க் கம்பனிகள் சமூகத்துக்கு நல்லது செய்யவேண்டும் என்று ஒரு பொதுமகன் சொல்வார். பக்கத்தில் சிவப்பு முத்திரையில் ‘உடன்படுகிறோம்’ என்று இருக்கும். அன்றே ‘யெஸ் மென்’ என்ற குறும்புக்காரக் குழு, எண்ணெய்க் கம்பனிகள் தங்கள் அழுக்கைத் தாங்களே துடைக்கவேண்டும் என்ற பாணியில் போலி விளம்பரங்களை வெளியிட்டது. சில ஊடகங்கள் போலியையே அசலென்று நம்பிச் செய்தி போட்டுவிட்டன.

நைஜீரியாவில் ஷெல் கையாண்டது வேறு வகை. 2008இல் நைகர் கழிமுகத்தின் போடோ ஊரில் ஷெல் கம்பனியின் குழாய் உடைந்து எண்ணெய் கொட்டியது. முதல் கசிவு 1,640 பீப்பாய்தான் என்று பதிவாகியிருந்தது. அது குறைத்துக் கணித்த எண் என்று 2014இல் லண்டன் நீதிமன்ற ஆவணங்களில் கம்பனியே ஏற்றது. ஆரம்பத்தில் ஊருக்கு நீட்டிய நிவாரணத்தில் அரிசி மூட்டை ஐம்பது, அவரை மூட்டை ஐம்பது, சீனி, தக்காளி, கடலை எண்ணெய். நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற வன்னிக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்த ஊர் வாங்க மறுத்தது. வழக்கு 2015 ஜனவரியில் 5.5 கோடி ஸ்டேர்லிங் பவுணில் முடிந்தது. இதற்கு முன் 2009இல், நைஜீரிய எழுத்தாளரும் செயற்பாட்டாளருமான கென் சரோ-விவாவின் குடும்பத்தினரும் பிறரும் தொடுத்த வழக்கில் 1.55 கோடி டொலர் கொடுத்த ஷெல், அது மனிதாபிமானச் செயல் மட்டுமே, குற்றத்தை ஏற்றதாகாது என்று அறிக்கை விட்டது. பணத்தையும் கொடுத்து, பெயரையும் காப்பாற்றும் வழி அது.

திரும்பவும் சுன்னாகம். கொழும்பில் சுற்றாடல் மற்றும் இயற்கை ஆய்வுகளுக்கான நிலையத்தின் தலைவரான கலாநிதி ரவீந்திர குணவர்த்தன காரியவசம், சுன்னாகம் மக்களுக்காக 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். தென்னிலங்கையிலிருந்து ஒருவர் வந்து போட்ட வழக்கு என்பதை இங்கே போதுமான அளவுக்கு யாரும் சொல்வதில்லை. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன தீர்ப்பை எழுதினார். அழுக்காக்கியவரே ஈடுகட்டவேண்டும் என்ற கொள்கையின்படி நொதேர்ன் பவர் 2 கோடி ரூபாய் கொடுக்கவேண்டும் என்றது நீதிமன்றம். கண்காணிக்கவேண்டிய அரச நிறுவனங்களின் தவறையும் சுட்டியது. அன்றைய மாற்று விகிதத்தில் அந்த 2 கோடி ஒரு லட்சத்துச் சொச்சம் டொலர். தொகை சிறியது. ஆனால் நீதிமன்றம் பல அறிக்கைகளுக்கு நடுவே நின்றும், யார் நியமித்த குழு எது என்ற ஊர்ச் சண்டைக்குள் போகாமல், கிணற்றில் என்ன இருந்தது என்ற கேள்வியை விடவில்லை. ஈக்குவடோரில் தொலைந்த கேள்வி இங்கே தொலையவில்லை. நான்கு ஆண்டு பிந்தி வந்தது என்பது வேறு விடயம்.

இதை ஏன் வன்னியில் இருந்து எழுதுகிறேன் என்றால், 2008இல் மன்னார்ப் படுகையில் எண்ணெய் தேடும் உரிமை கெய்ர்ன் இந்தியாவுக்குப் போனது. 2011இல் டொராடோ, பராகுடா என்ற இரண்டு இடங்களில் எரிவாயு கண்டார்கள். அதே ஆண்டு கெய்ர்ன் இந்தியாவை வேதாந்தா வாங்கியது; தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் அதே வேதாந்தா. 2018 மே மாதத்தில் அங்கே ஆலைக்கு எதிரான போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மூடிய ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை 2024 பெப்ரவரி 29இல் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கெய்ர்ன் 2015இல் மன்னாரை விட்டுப் போய்விட்டது. எரிவாயு போகவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்த கம்பனி வரும்போது மன்னார், முல்லைத்தீவு மீனவர் சங்கங்களிடமும் கரையோரக் கிராமங்களிடமும் ஒரு தாள் இருக்கவேண்டும்: துரப்பணம் தொடங்குவதற்கு முன் கடல்நீரிலும் கிணற்றிலும் என்ன இருந்தது என்ற ஆய்வு அறிக்கை. எண்ணெயும் கிறீசும் தனியாக, பென்சீன் வகை தனியாக, பார உலோகங்கள் தனியாக. பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் செய்து, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி, சங்கத்தின் பெட்டியில் ஒரு பிரதி. சுன்னாகத்தில் அப்படி ஒரு பழைய அறிக்கை ஊர் கையில் இருந்திருந்தால், முன்னே இருந்தவன் கொட்டினான் என்ற பேச்சு ஒரு கிழமைகூட நின்றிருக்காது.

அடுத்த வாரம்: எப்பாவல பொஸ்பேற்று வழக்கும் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பும்.

(தொடரும்)